மாமிக்குக் கொள்ளாத கக்கூசு

என்னைப் பெற்ற ஐயா செத்து முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டி நெருங்கியபோது, வேலி அடைக்கிறவர் முற்றத்தில் வந்து நின்று கேட்டார்.

"எத்தினை பேர் வருவினம் ரீச்சர்? அதைச் சொன்னால்தானே எத்தினை கக்கூசு அடைக்கிறதெண்டு பாக்கலாம்."

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். இந்தக் கணக்கை நான் எங்கிருந்து தொடங்குவது? அண்ணன்மார் இருவரும் கனடாவில், தங்கை ஜேர்மனியில். உரும்பிராய் வீட்டில் ஐயாவும் நானும்தான் இருந்தோம். இப்போது நான் மட்டும். ஒருவருமே வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஐயாவைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்தே எனக்குள் இருந்தது. அதை வேலி அடைக்கிறவரிடம் சொல்லவா முடியும்?

வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் இருந்த எங்கள் கக்கூசு ஷெல் விழுந்து பிளந்து கிடந்தது. சண்டையால் சீமெந்துக்குத் தடை. ஒருத்திக்கு அது எப்படியோ போதும், வருகிறவர்களை அதற்குள் அனுப்ப முடியாது. ஒரு நீளக் கிடங்கு வெட்டி, மேலே பலகை போட்டு, பின்னிய தென்னோலைக் கிடுகால் மறைத்து அடைப்பதுதான் அந்த நாட்களில் எல்லா வீடுகளிலும் நடந்தது. எத்தனை அடைப்பு, எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி.

எங்கள் ஆட்கள் ஒரு காரியத்துக்கு ஆட்களை எண்ணுவதில்லை, வீடுகளைத்தான் எண்ணுவார்கள். இத்தனை வீட்டுக்குச் சொன்னோம் என்றால், வீட்டுக்கு ஐந்து பேர் என்று உலை வைப்பார்கள். நானும் அப்படியே எண்ணினேன். வந்த தொகையைப் பார்த்து எனக்கே ஒரு தெம்பு வந்தது.

"மூண்டு அடையுங்கோ அண்ணை. ஒடுக்கமாய் இருந்தாலும் காரியமில்லை. சனம் வரிசையிலை நிக்கக்கூடாது."

அவர் அப்படியே அடைத்தார். ஒரு ஆள் குந்தினால் இரண்டு தோளிலும் கிடுகு உரசும்.

அத்தனை வீட்டிலும் எனக்கு முக்கியம் ஒரு வீடுதான். தொண்டைமானாற்றில் இருந்த மாமி, ஐயாவின் ஒரே அக்கா. ஐயாவின் இரத்தத்தில் எனக்குப் பக்கத்தில் மிஞ்சியிருந்தது அவர் மட்டும்தான். செத்தவீட்டுக்கு வந்தவர், ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் அன்றைக்கே திரும்பிவிட்டார். அந்தியேட்டிச் சாப்பாட்டிலும் கை நனைக்காமல் போனால் அந்த உறவும் அறுந்ததென்றுதான் ஊர் சொல்லும். ஊரை விடுங்கள், நானே அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அன்று சொன்ன வீடெல்லாம் வந்தது. ஒன்றும் பிசகவில்லை. ஆனால் வீட்டுக்கு ஒருவர்தான் வந்தார்கள், ஏனென்றால் அந்த வீடுகளில் இருந்ததே ஒருவர்தான். பிள்ளைகள் கடல் கடந்துவிட, வீடு வளவைக் காத்துக்கொண்டு மிஞ்சிய கிழவன் கிழவிகள். பொல்லூன்றி ஒவ்வொருவராகப் படலையைத் திறந்து வந்தபோது, நான் அடைத்து வைத்திருந்த மூன்று அடைப்பும் என்னைப் பார்த்துப் பல்லை இளித்தன.

மாமி மண்ணெண்ணெயில் ஓடும் வாடகைக் காரில் வந்து இறங்கினார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோனேன்.

"வேண்டாம் பிள்ளை. நான் இண்டைக்கு உபவாசம்."

"தம்பிக்காகப் பச்சைத் தண்ணியும் குடியாமல் இருக்கிறா. சந்நிதி முருகன்ரை வாசலிலை இருக்கிறவ எல்லே," என்று பக்கத்தில் இருந்த கிழவி கண் கலங்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் நம்பினேன். எங்களிடம் விரதம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், மேற்கொண்டு யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள்.

வெயில் ஏறியது. மாமி வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார். செம்பைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். கொப்பளித்தார், துப்பியதைக் காணவில்லை. நான் பக்கத்தில் குந்தினேன்.

"மாமி, இது என்ன உபவாசம்?"

அவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு முழங்கால் மடங்காது பிள்ளை. வீட்டிலை கயிறு ஒண்டு கட்டி வைச்சுப் பிடிக்கிறன், வெளியிலை ஒராள் பிடிச்சால்தான் இருக்கவும் எழும்பவும் ஏலும். உன்ரை கக்கூசைப் பாத்தன். உதுக்குள்ளை ரெண்டு பேர் கொள்ளுவினமே? குடிச்சுப்போட்டு நான் எங்கை போறது?"

செத்தவீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. துக்கம் என்று நாங்கள் நினைத்தது தாகம். எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொங்கியது. கத்தியை எடுத்துக்கொண்டு போய், இரண்டு அடைப்புக்கு நடுவில் இருந்த கிடுகுத் தட்டியின் கட்டுகளை வெட்டி, அதைத் தூக்கி வேலியோரம் எறிந்தேன். இரண்டு அடைப்பு ஒன்றானது. இருக்கைப் பிரம்பு அறுந்து கிடந்த கதிரை ஒன்று வீட்டுக்குள் இருந்தது. மிச்சப் பிரம்பையும் அறுத்து, அந்தச் சட்டத்தைக் கிடங்கின் மேல் வைத்து ஆட்டிப் பார்த்தேன். காரியத்துக்கு உடுத்த சேலையோடு நான் நின்ற கோலத்தைச் சபை முழுவதும் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாமி சாப்பிட்டார். கத்தரிக்காய்க் குழம்பை மறுபடியும் கேட்டு வாங்கினார், பாயசமும் குடித்தார். அவருக்குப் பிறகு மற்றக் கிழவிகளும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக அங்கே வந்தார்கள். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது சாப்பாட்டுக்கு முந்திய அந்தக் கொஞ்ச நேரம்தான்.

மாமியை மெல்ல இருத்தினேன். விழுந்துவிடுவேனோ என்று அவர் என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தார். நான் முகத்தைக் கிடுகுப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"என்ரை தம்பியைக் கடைசியிலை ஆர் பிள்ளை பிடிச்சது?"

"நான்தான் மாமி."

"ம். என்னை இப்ப மருமோள் நீ பிடிக்கிறாய்." பிறகு, மழை வருமோ என்று கேட்பது போல வெகு சாதாரணமாகக் கேட்டார். "உன்னை?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் இரண்டு கைகளும் மாமியிடம் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.