செஞ்சிக்குப் பிறகு சோமாசிபாடி

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்து விடுதியில் தசரதன் வாட்ச்மேன். மன அமைதி தேடி எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் உள்ளே குறட்டை விட, வாசலில் இவர் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். மிலிட்டரிக்காரர், கடமை தவறாதவர் என்று முதலாளிக்கு ஏகப் பெருமை. தூக்கமே வராத மனுஷனிடம் பெருமைப்பட என்ன இருக்கிறது?

தூக்கம் போனது கார்கிலில். பதினோரு நாள் மலைமேல் சண்டை. குண்டுக்குக்கூடப் பயம் விட்டுப்போயிருந்தது. கண் மூடிவிடுமோ என்பதுதான் பயம். உடன் இருந்தவன் கீழ்பென்னாத்தூர் சடையன். இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருவன் அரைமணி தூங்கலாம். காவலிருப்பவன் திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் வரை பஸ் நிற்கும் ஊர்களை வரிசையாக முணுமுணுத்துக்கொண்டே இருக்க வேண்டும். செஞ்சிக்கு வெகு முன்னாலேயே வந்துவிடும் ஊர் சோமாசிபாடி; செஞ்சிக்குப் பிறகு சோமாசிபாடி என்று வாயில் வந்துவிட்டால் மூளை களைத்துவிட்டது என்று அர்த்தம். வீம்பு பிடிக்காமல் அடுத்தவனை எழுப்பிவிட வேண்டும்.

பத்து நாள் அதுதான் அவர்களைக் காப்பாற்றியது. பதினோராம் நாள் தசரதன் கண் திறந்தபோது விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. சற்று நேரத்தில் ஷெல் விழுந்தது. எல்லோரும் பதுங்கினார்கள், அசதியில் சடையன் ஒரு நொடி தாமதித்தான். அவன் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அவன் எழுப்பியிருப்பான், தான்தான் பிணம்போலக் கிடந்திருக்கிறோம் என்று தசரதன் முடிவு கட்டிக்கொண்டார். கேட்க வாய் வரவில்லை. சடையன் வீடு அரைமணி பஸ் பயணம்தான். இருபத்தைந்து வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை.

சடையன் மகள் பூஜாவின் கல்யாணப் பத்திரிகை வந்தது. டூட்டி இருக்கிறது என்று இவர் சாக்குச் சொல்ல, மனைவி கஸ்தூரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"கால் போனது அவருக்கு. நீங்க ஏன் போகாம கெடக்கறீங்க?"

பந்தி முடிந்ததும் சடையனை ஓரமாக உட்காரவைத்து, அன்றைக்கு என்னை எத்தனை தடவை எழுப்பினாய் என்று தசரதன் கேட்டேவிட்டார்.

"எழுப்பவே இல்லடா," என்றான் சடையன். "ஊர் வரிசை தப்பிடுச்சு, எனக்கே தெரிஞ்சுது. ஆனா நீ தூக்கத்துல சிரிச்சினு இருந்த. அந்த மலையில வேற எவன் சிரிச்சான்? எழுப்ப மனசு வரல."

முதலில் தசரதனுக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது. பிறகு மண்டபத்தில் அத்தனை பேர் பார்க்க, அவன் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பெண்ணைப் பெற்றவனே சும்மா இருக்க, இவர் எதற்கு அழுகிறார் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குப் புரியவில்லை.