நாலாவது தலைப்பு

கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை உண்டு. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து எழுத வேண்டும். அதற்கு முன்னால் அவுட்லைன் கொடுக்க வேண்டும். என்னென்ன தலைப்பு, எதற்குக் கீழே எது வரும் என்று ஒரே ஒரு பக்கம். மேடம் அதில் கையெழுத்துப் போட்டால்தான் மேற்கொண்டு எழுதலாம். சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு விழுந்தது ‘போரும் சுற்றுச்சூழலும்’. நான் மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் வீட்டுப் பெண். எனக்குத் தெரிந்த போர், பங்காளிகள் வரப்புக்காக மண்டையை உடைத்துக்கொள்வதுதான்.

என்னோடு சேர்ந்தவள் கடற்கரைச் சாலையில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவள். போரை அவளும் பார்த்ததில்லை, அவளுடைய அம்மா பார்த்திருக்கிறார். அந்த அம்மா இளம் வயதில் இலங்கையில், ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர். சண்டை வந்து அந்த உப்பளமே போர்க்களமாகிவிட, படகேறி இந்தக் கரைக்கு வந்தார். இப்போது எங்கள் அளத்துக்குப் பக்கத்து அளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறார். அப்பா அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். வீட்டில் அம்மாவும் பெண்ணும்தான்.

“உலகம் பூரா எதுக்குடீ சுத்தணும்? உங்கம்மாவோட உப்பளம் ஒண்ணு போதும், அதையே எழுதிடலாம்,” என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றாள்.

அவளுடைய அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலைதான். மத்தியானம் சாப்பிட உட்காரும் நேரத்தில் நாங்கள் அளத்துக் கொட்டகைக்குப் போய்விடுவோம். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொல்வார், நாங்கள் எழுதிக்கொள்வோம். உப்புப் பாத்திகளுக்குக் குறுக்கே சண்டைக்காக மண்ணைக் குவித்து அணை கட்டியதைச் சொன்னார். பதுங்குகுழிக்குக் கூரை போட வரிசை வரிசையாகப் பனைகளை வெட்டியதைச் சொன்னார். எங்கே கண்ணிவெடி இருக்குமென்று தெரியாமல் மாட்டை அவிழ்த்துவிடவே பயந்ததைச் சொன்னார். இதையெல்லாம் சொல்லும்போது அவர் குரல் ஏறாது, இறங்காது. உப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார்.

“உங்கட உப்பில அரைவாசி மண், பிள்ளை. எங்கட உப்பைப் பாத்தா கண் கூசும்.”

எனக்குச் சுருக்கென்று வந்துவிடும். பரம்பரை உப்பளக்காரி அல்லவா? “உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. நீங்க என்னடான்னா எங்க உப்புலயே நின்னுகிட்டு அதையே குறை சொல்றீங்க!”

“குறை சொல்லேல்ல. உள்ளதைச் சொல்லுறன்,” என்று சோற்றைப் பிசைவார். நான் முறைப்பேன். அவர் தட்டிலிருந்து ஒரு துண்டுக் கருவாட்டை என் பக்கம் தள்ளிவிடுவார். அதோடு சண்டை தீர்ந்துவிடும்.

இப்படியாக மூன்று தலைப்புகள் சேர்ந்தன. போருக்கு முன், போரின்போது, போருக்குப் பின். மூன்றாவதில் வெடியும் துருப்பிடித்த இரும்பும் ஆள் நடமாட்டமில்லாத நிலமும் வந்தன. மேடம் படித்துப் பார்த்து, “நல்லா இருக்குது. ஆனா காயத்த மட்டும்தான் எழுதியிருக்கீங்க. ஆறிச்சா இல்லையான்னு எழுத வேணாமா? நாலாவதா ‘மீட்சி’ன்னு ஒரு தலைப்பு போடுங்க. அது இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“அந்தத் தலைப்பு வேணாம்,” என்றாள் இவள், வெளியே வந்ததும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “மேடமே கேக்கறாங்க, உனக்கு என்ன? மூணு வரி எழுதினா போதும்டீ!” பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேடினேன். ஆனையிறவில் மறுபடியும் உப்பு விளைகிறது. படங்கள்கூட இருந்தன. வெயிலில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். நீட்டினேன். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும். எப்பவோ தெரியும்,” என்றாள்.

அப்புறம்தான் சொன்னாள். மன்னாரில் இருக்கும் சித்தி போன் செய்து திரும்பி வந்துவிடச் சொல்லும்போதெல்லாம் அம்மா ஒரே பதிலைத்தான் சொல்வாராம்: “அங்க வந்து என்ன செய்யிறது? உப்பளமே செத்துப் போச்சு.” முகாமுக்கு வந்து, ஊர் திரும்ப விருப்பமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். உப்பளம் என்ன ஆனது என்று சித்தியிடம் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. சித்தியும் சொன்னதில்லை.

“உயிரோட இருக்குதுன்னு தெரிஞ்சா போயிடுவாங்கடீ. அந்த ஊர் எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கு எல்லாமே இங்கதான். அம்மா இல்லாம நான் யார்கூட இருப்பேன்?”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நாலாவது தலைப்பை நானே எழுதி மேடத்திடம் கொடுத்துவிடுகிறேன், அம்மாவுக்கு மூன்றை மட்டும் படித்துக் காட்டலாம் என்று சொன்னேன். சரி என்றாள்.

அடுத்த ஞாயிறு கொட்டகையில் அப்படித்தான் தொடங்கினாள். முதல் தலைப்பைக் கேட்டு அம்மா சிரித்தார். இரண்டாவதைக் கேட்டுத் தலையாட்டினார். மூன்றாவது முடிந்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அவ்வளவுதான். செத்த நிலம்,” என்றார்.

நான் காகிதத்தை வாங்கி மடிக்கக் கையை நீட்டினேன். இவள் கொடுக்கவில்லை. “இன்னும் ஒண்ணு இருக்குதும்மா,” என்று நாலாவதையும் படித்தாள். ‘மீட்சி: ஆனையிறவு உப்பளம் மீண்டும் விளைகிறது.’ அம்மா அழுவதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் எனக்கு அவள்மேல் வந்த பிரியத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அம்மா துண்டை மடியில் வைத்தார். பிறகு, “ஆர் இப்ப உப்பு அள்ளுகினம்?” என்று கேட்டார்.

“பொம்பளைங்கதான்மா. போட்டோவுல பாத்தேன்,” என்றாள் மகள்.

“தலையில வைச்சோ தூக்குகினம்?”

“இல்ல, வண்டியில தள்ளிட்டுப் போறாங்க.”

“குடுத்து வைச்சதுகள்,” என்று சிரித்தார். கையைக் கழுவி, சேலையில் ஒற்றி, என் போனை வாங்கினார். படத்தை விரலால் பெரிதாக்கி, மூலைக்கு மூலை நகர்த்திப் பார்த்தார். எதைத் தேடினாரோ. போனைத் திருப்பித் தரும்போது, “பாத்தியா பிள்ளை, வெள்ளையை?” என்றார். அன்றைக்கு நான் எதிர்த்துப் பேசவில்லை. அவர் எழுந்து உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனார். சாயங்காலம்வரை வாரினார்.

வேலை முடிந்ததும் நானும் அவர்களோடு முகாமுக்குப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தபோது சித்தியின் போன் வந்தது. வழக்கமான கேள்விதான். நாங்கள் இருவரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அம்மா மகளைப் பார்த்தார். “பிள்ளைக்குப் படிப்பு முடியட்டும். பிறகு பாப்பம்,” என்றார்.

அத்தனை வருடமும் சொன்ன பதில் போய்விட்டது. இனி அவரை இங்கே பிடித்து வைத்திருப்பது இவள்தான். அதுவும் ஒரு கெடுவோடு. எனக்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. அம்மா பேச்சை மாற்றி, மன்னாரில் மழை உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இவள் என்னை பஸ் ஏற்றிவிட ரோட்டுக்கு வந்தாள். கார்கள் பாண்டிச்சேரிப் பக்கம் பறந்துகொண்டிருந்தன. அவுட்லைன் இனிமேல் தேறிவிடும் என்று ஏதோ சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் காதில் வாங்கவில்லை. வகுப்பில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவள் அவள்.

“ஏன்டீ, கடைசி செமஸ்டர்ல ஒரு பேப்பர் அரியர் வச்சா, படிப்பு எவ்வளவு நாள் தள்ளிப்போவும்?”

சிரிக்கப் போனேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

“ஆறு மாசம்,” என்றேன்.

“அவ்வளவுதானா?” என்றாள்.