கன்னியம்மா வெட்டிய இரண்டு கரைகள்

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் அரசம்பேடு, தாழங்குளம் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு. வெள்ளைக்காரன் ஆட்சியில், இரண்டு ஊருக்கும் தனித்தனியாகப் பஞ்சாயத்து போர்டு வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. ஊர்களைப் பிரித்தது ஓர் ஓடை. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அதில்தான் இறங்கும். ஓடைக்கு நடுவே மண் சேர்ந்து மேடான ஒரு திட்டில் கூலிக்காரர்களின் குடிசைகள் இருந்தன. ஓடைமேடு என்பார்கள். கன்னியம்மாவும் அவள் புருஷன் வேம்புலியும் அங்கேதான் குடியிருந்தார்கள். இரண்டு ஊர் வயலிலும் நாற்று நட்டவள் அவள்.

ஒரு வருஷம் அரசம்பேட்டு போர்டு தன் பக்கத்து ஓடைக்கரையை உயர்த்தியது. தண்ணீர் எதிர்ப்பக்கம் ஏறி தாழங்குளத்துப் பயிரை அழுக வைத்தது. மறு கோடையில் தாழங்குளத்தார் தங்கள் கரையை அதைவிட உயர்த்தினார்கள். ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடுவில் இருந்த ஓடைமேட்டைப் பற்றி இரண்டு பேருக்கும் நினைப்பே இல்லை.

மழைக்கு முன்பே கன்னியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அரசம்பேட்டு பிரசிடெண்ட் ஜம்புலிங்க முதலியார் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ரெண்டு பக்கமும் கரை போட்டீங்கன்னா தண்ணி எங்க போவும் சாமி? எங்க ஊட்டுக்குத்தான வரும்?"

"ஓடைமேடு எங்க எல்லையில இல்லம்மா. தாழங்குளத்துல போய்க் கேளு."

தாழங்குளத்துக்குப் போனாள். அங்கே பிரசிடெண்ட் ஜானகிராம நாயுடு சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அது அரசம்பேட்டுக்குச் சேர்ந்தது. அந்த ஆளோட எனக்குப் பேச்சு கிடையாது. போ, போ."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்து ஏரி வழிந்த அன்று, பட்டப்பகலில், பரந்து ஓட வேண்டிய தண்ணீர் இரண்டு கரைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு ஓடைமேட்டில் ஏறியது. வேம்புலி காய்ச்சலில் படுத்திருந்தான். கன்னியம்மா ஆட்டுக்குட்டிகளைத் திட்டின் உச்சியில் கட்டிவிட்டுத் திரும்புவதற்குள், ஊறிப்போன மண்சுவர் அவன் மேல் சரிந்துவிட்டது. மண்ணைக் கையாலேயே பறித்து அவனை வெளியே இழுத்தாள். உயிர் இல்லை.

அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. பக்கத்துக் குடிசை எல்லம்மா தோளைத் தொட்டபோது உதறினாள். புருஷனைத் தண்ணீர் ஏறாத அந்த உச்சியிலேயே புதைத்துவிட்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே தண்ணீரில் இறங்கினாள்.

"எங்கடி போற?" என்று எல்லம்மா கத்தினாள்.

"ரெண்டு பேருக்கும் பங்கு குடுக்கப் போறேன்."

முதலில் அரசம்பேட்டுக் கரையை வெட்டினாள். ஈர மண், நாலு வெட்டுக்கே வாய் திறந்துகொண்டது. பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் கடந்து போய்த் தாழங்குளத்துக் கரையையும் வெட்டினாள். அதற்குள் எல்லம்மாவும் இன்னும் சில பெண்களும் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். இரண்டு ஊர் வயலிலும் தண்ணீர் பாய்ந்தது. ஓடைமேட்டில் வடிந்தது. யாரும் ஓடவில்லை. போலீஸ் வந்தபோது கன்னியம்மா வெட்டிய கரை மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் வெட்னேன். அவங்கள உடு" என்றாள்.

அவள் மேல் மட்டும் பூந்தமல்லிக் கோர்ட்டில் வழக்கு. வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத முதலியாரும் நாயுடுவும் அன்று ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். அதைப் பார்த்ததும் கன்னியம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புருஷன் உயிரோடு இருந்தபோது இந்த இரண்டு பேரையும் ஒரு மரத்தடியில் உட்கார வைக்க அவளால் முடியவில்லை. அவளை உள்ளே தள்ள மட்டும் ஒரே வண்டி கிடைத்துவிட்டது.

மாஜிஸ்ட்ரேட் முதலியாரைக் கேட்டார்: "இந்தப் பெண் எந்த ஊர்?"

"எங்க போர்டு எல்லைக்குள்ள இருக்கிறவ. எங்க கட்டுப்பாட்டை மீறிட்டா."

நாயுடுவையும் அதே கேள்வி கேட்டார்.

"எங்க ஊர் கூலிதாங்க. எங்களுக்கு அடங்க வேண்டியவ."

கூண்டில் நின்ற கன்னியம்மா கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

"சாமி, கேளுங்க! தண்ணி வர்துன்னு சொல்லப் போனப்ப, எங்க ஊரு இல்லன்னு இவுரு தொரத்துனாரு. எங்க ஊரு இல்லன்னு அவுரும் தொரத்துனாரு. எம் புருஷன் செத்துக் கெடந்தப்ப எந்த ஊருமில்ல. செயிலுக்கு அனுப்பறதுக்கு இன்னிக்கு ரெண்டு ஊரா?"

முதலியார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கரையை வெட்டியது குற்றம் என்று மாஜிஸ்ட்ரேட் அவளுக்கு ஒரு மாதம் ஜெயில் போட்டார். ஆனால் இரண்டு போர்டும் கலந்து பேசாமல் கரை போட்டதால்தான் இந்தக் கேடு என்று கலெக்டருக்கும் எழுதினார். இனி அந்த ஓடையில் ஒரு கூடை மண் போடுவதானாலும் இரண்டு போர்டும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது.

அவள் வெளியே வந்தபோது இரண்டு போர்டும் சேர்ந்து ஒரு கமிட்டி வைத்திருந்தன. ஓடையை அகலப்படுத்தி, கரைகளை ஒரே மட்டமாக்கி, கீழே உள்ள அடுத்த ஏரி வரை வாய்க்கால் வெட்டிவிடத் திட்டம். வெட்ட ஆள் வேண்டுமே! நாயுடுவின் கணக்கப்பிள்ளை ஓடைமேட்டுக்கு வந்து, "நாளைக்குச் சாவடியில கூட்டம். முடிஞ்சதும் வேலை சொல்றோம், வந்துடுங்க" என்றார்.

"சாவடிப் படியில எங்கள ஏற உடுவீங்களா?" என்றாள் கன்னியம்மா.

கணக்கப்பிள்ளை வந்த வழியே திரும்பப் போனார்.

"அப்ப கூட்டத்த இங்க போடச் சொல்லு. ஓடையில வந்து நின்னு பேசட்டும். எங்க எதுருல பேசட்டும். இல்லன்னா ஒரு மண்வெட்டி இங்கேர்ந்து வராது."

ஓடைமேட்டில் ஒருவர்கூட வேலைக்குப் போகவில்லை. நடவு நேரம் வேறு நெருங்கியது. கடைசியில் முதலியாரும் நாயுடுவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் வந்து நின்றார்கள். வாய்க்கால் எந்த வழியாகப் போக வேண்டும் என்று கூட வந்த சர்வேயர் காட்டினார். அது ஓடைமேட்டின் ஓரத்தை அறுத்துக்கொண்டு போனது. கன்னியம்மா குறுக்கே போய் நின்றாள்.

"உங்க வயல்ல எடுங்க. எங்க திட்டுல கைய வெக்காதீங்க."

முதலியாருக்குக் கோபம் வந்தது. "என் நிலத்துலயா?"

"ஏன், உங்க நெலத்துல தண்ணி ஓடாதா சாமி?"

முதலியார் நாயுடுவைப் பார்த்தார். நாயுடு தரையைப் பார்த்தார். வேறு வழி இல்லாமல் இரண்டு பக்கமும் சரிபாதி நிலம் விட்டு வாய்க்கால் வெட்டினார்கள்.

அடுத்த மழையில் ஏரி வழிந்தும் ஓடைமேடு நனையவில்லை. வயல்களும் பிழைத்தன. அரசம்பேடும் தாழங்குளமும் அண்ணன் தம்பி போல ஆகிவிட்டதாகப் பிரசிடெண்டுகள் இருவரும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டார்கள்.

களை பறிக்கும்போது எல்லம்மா மெதுவாகச் சொன்னாள். "இன்னும் இன்னாடி கோவம்? எல்லாம் நல்லாத்தான கீது?"

"நல்லாத்தான் கீது. போன வருசமே அவங்க ரெண்டு பேரும் வாயத் தொறந்து பேசியிருந்தா எம் புருஷனும் நல்லாத்தான் இருந்திருப்பாரு" என்றாள் கன்னியம்மா. பறித்த களையை ஓங்கி வரப்பில் அடித்துவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.