ஹார்பினில் மாற்றிச் சொன்ன வார்த்தை

மரியஜோசப் பர்மாவில், ரங்கூனை ஒட்டிய இன்சீன் ரயில்வே பட்டறையில் குமாஸ்தா. மிஷன் பள்ளியில் படித்த ஆங்கிலம்தான் அவரை 1965 ஜனவரியில் சீனாவுக்குக் கொண்டுபோனது. பட்டறையிலிருந்து போன எட்டுப் பேர் கொண்ட நல்லெண்ணக் குழுவுக்கு அவர் மொழிபெயர்ப்பாளர். கடைசி ஊர் ஹார்பின். அங்கே பூங்காவில் பனிக்கட்டிச் சிற்பத் திருவிழா நடந்துகொண்டிருந்தது.

ரயிலை விட்டு இறங்கும் முன் அவர் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொன்னார்: "கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் அவங்க குடுத்தது. ஒண்ணத் தொலைச்சாலும் நமக்குத்தான் கேவலம்."

விடுதிக்கு வந்து பார்த்தால், தன் கையுறையையே அவர் ரயிலில் விட்டுவிட்டிருந்தார். வேறொன்று கேட்க வெட்கம். குழுவில் வந்த லேத் தொழிலாளி சாதிக் பாட்சா தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யப் போனபோது பெஞ்சில் வைத்திருந்த கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். எல்லோருடையதும் ஒரே மாதிரிதான்.

"அண்ணே, இங்க வச்சிருந்தேன், காணோமே?"

"பஸ் கிளம்புதுப்பா. கைய பாக்கெட்ல வச்சுக்கோ."

நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. மூச்சு இழுத்தால் மூக்குக்குள் முடி விறைத்தது. ஆற்றிலிருந்து அறுத்தெடுத்த பாளங்களில் பாலம், மீன், ஆளுயரக் கோபுரம். உள்ளே பச்சையும் சிவப்புமாய் பல்புகள். சாதிக் பாட்சா சின்னப் பிள்ளைபோல வாய்விட்டுச் சிரித்தார். அதைப் பார்த்த சிற்பி ஒருவர் தன் இரும்பு உளியை நீட்டினார். சாதிக் வெறுங்கையால் வாங்கி ஒரு மீனுக்குச் செதில் செதுக்கினார். கூட்டம் கைதட்டியது. அவர் நிறுத்தவில்லை.

சீன மொழிபெயர்ப்பாளரான பெண் பதறி ஆங்கிலத்தில் கேட்டாள்: "இவருக்குக் கையுறை இல்லையா?"

எல்லோரும் மரியஜோசப்பைப் பார்த்தார்கள். "வேண்டாம் என்கிறார். பழக்கமில்லையாம்," என்றார் அவர்.

உளியைத் திருப்பிக் கொடுக்கும்போது தோலும் அதோடு உரிந்து வந்தது. ஆஸ்பத்திரியில் வலது கையில் இரண்டு விரல் நுனிகளை எடுக்க வேண்டியதாயிற்று.

ரங்கூன் திரும்பிய பிறகு சாதிக்கை லேத்திலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டார்கள். ஜன்னலுக்குப் பின்னால் அவர் இடது கையால் சீட்டு எழுதுவதைப் பார்க்க முடியாமல் மரியஜோசப் இரண்டு மாதம் சுற்றுவழியாகப் போனார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், ரங்கூன் பபேடான் பகுதியில் சாதிக் வீட்டு மாடிப்படி ஏறினார். சாதிக்கின் மனைவி ஃபக்ருன்னிசா தேநீர் வைத்தாள். மரியஜோசப் அதைத் தொடவில்லை.

"கையுறைய எடுத்தது நான்தான் பாட்சா. அந்தப் பொண்ணு கேட்டப்ப, நீ வேணாம்னு சொன்னதாவும் சொல்லிட்டேன்."

ஃபக்ருன்னிசா உள்ளே போய்விட்டாள். சாதிக் தன் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"குளிருக்குப் பயந்து எடுத்தீங்க, அது போகட்டும். நான் சொல்லாதத நான் சொன்னேன்னு எப்படிண்ணே சொன்னீங்க? உங்க வாயத்தானே நம்பி வந்தேன். அங்க உள்ளவங்க என்னைய வீம்பு புடிச்சவன்னு நினைச்சிருப்பாங்க."

"என்ன செய்யட்டும், சொல்லு."

"அவங்களுக்கு உள்ளத எழுதுங்க."

மரியஜோசப் அங்கேயே உட்கார்ந்து அந்தச் சீனப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் வாசித்துக் காட்டினார். சாதிக் தாளை வாங்கி, பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியைக் கூப்பிட்டு அவளிடம் கொடுத்தார்.

"இதுல உள்ளத உள்ளபடி தமிழ்ல படிச்சுச் சொல்லும்மா."

அவள் ஒவ்வொரு வரியாகப் படித்து முடிக்கும்வரை மரியஜோசப் தலை நிமிரவில்லை. ஆங்கிலத்துக்காக ஊரே தேடிவந்த மனிதர் அவர்.

கடிதம் போயிற்று. பதில் வரவில்லை. ஸ்டோர்ஸ் ஜன்னலில் சாதிக் அவருக்கு வணக்கம் சொல்வதுண்டு. அண்ணே என்று மட்டும் பிறகு கூப்பிடவில்லை.