அசையாமல் உட்கார்ந்திருந்தவள்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப்போவதில்லை. முதலில் என் மனைவியே நம்பவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். பட்டப்பகலில், என் வீட்டு மாடியில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 4.20க்கும் 5.52க்கும் நடுவில் நடந்தது. யாரையாவது உட்காரவைத்து வரையும்போது, தொடங்கும் நேரத்தையும் முடிக்கும் நேரத்தையும் சுவரில் பென்சிலால் குறித்துவைப்பது என் பழக்கம். அன்றைக்குத் தொடங்கிய நேரம் மட்டும்தான் இன்னும் சுவரில் இருக்கிறது.

நான் எண்ணெய் வண்ணத்தில் ஆட்களை வரைகிறவன். இருபத்தாறு வருடமாக இதுதான் பிழைப்பு. ஓய்வுபெறும் தலைமையாசிரியர், கடை முதலாளி, அறுபதைத் தொட்ட தம்பதி... உயிரோடு இருப்பவர்கள் நேரில் வந்து உட்காருவார்கள். இல்லாதவர்களுக்குப் புகைப்படம் வரும். இத்தனை வருடத்தில் நான் சேர்த்த சொத்து முதுகுவலியும் சட்டையில் போகாத டர்பன்டைன் வாசனையும்தான்.

ஒரு நாள் ஓர் அம்மாள் ஒரு புகைப்படத்தோடும் ஒரு நீல கவுனோடும் வந்தார். புகைப்படத்தில் இருந்தது ஒன்பது வயதுச் சிறுமி. கவுனோ, வளர்ந்த பெண்ணுக்கானது.

"என் பொண்ணுங்க. ஒன்பது வயசுல போயிட்டா. காய்ச்சல்," என்றார். "பன்னெண்டு வருஷம் ஆச்சு. இப்ப இருந்திருந்தா எப்படி இருப்பாளோ, அப்படி வரைஞ்சு குடுங்க. இது நானே குத்துமதிப்பா தைச்சது."

"எப்படி உட்கார்ந்த மாதிரி வேணும்மா?"

"ஜன்னலைப் பார்த்து."

ஏன் ஜன்னல் என்று நான் கேட்கவில்லை.

முகத்தை எப்படியோ கணக்குப் போட்டு வளர்த்துவிடலாம். அம்மாவின் தாடையை அளந்து பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் கழுத்து, தோள், மடியில் கிடக்கும் கை, துணியின் மடிப்பு... இதற்கெல்லாம் உயிருள்ள ஓர் ஆள் வேண்டும். என் மகளுக்குப் பத்தொன்பது வயது. அவளைத்தான் கூப்பிட்டேன். கவுன் இடுப்பில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. மற்றபடி சரி.

மாடி அறையில் வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல். அதைப் பார்த்து ஒரு பிரம்பு நாற்காலி. பின்பக்கமாக, சற்றுப் பக்கவாட்டில் நான். எனக்கு அவள் முகம் தெரியாது. பின்னலும், காதும், கன்னத்தின் ஓரமும் மட்டும்தான்.

திங்கட்கிழமை எங்களுக்குள் சண்டை.

"இருபது நிமிஷம்னு சொல்லிட்டு நாப்பது நிமிஷம் ஆக்கறீங்கப்பா. நான் என்ன பொம்மையா?"

"பொம்மையா இருந்தா நான் ஏன் கத்தப்போறேன்? அசையாம இரு!"

அவள் தடதடவென்று படியிறங்கிப் போனாள். இரவு சாப்பிடும்போதும் பேசவில்லை.

மறுநாள் நான் மேசைப் பக்கம் திரும்பி வண்ணம் குழைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் வந்து உட்கார்ந்திருந்தாள். நீல கவுன். ஒற்றைப் பின்னல். முகம் ஜன்னலைப் பார்த்து.

படியேறும் சத்தம் கேட்கவில்லை. கோபம் ஆறாமல் பூனை மாதிரி வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வந்தாளே, அதுவே பெரிது. சுவரில் 4.20 என்று குறித்தேன்.

"அசையாம இரு," என்றேன்.

வேலை அருமையாக ஓடியது. இத்தனை வருடத்தில் அப்படி ஓடியதே இல்லை. துணியின் மடிப்பு என்பது எங்களைப் பாடாய்ப் படுத்தும் விஷயம். மூச்சு விட்டாலே மாறும். ஒரு மடிப்பைப் பிடித்து முடிப்பதற்குள் பக்கத்து மடிப்பு கலைந்துவிடும். அன்றைக்கு ஒன்றுகூட மாறவில்லை.

5.05. இருபது நிமிடத்துக்கொரு முறை எழுந்து கையை உதறுகிறவள், எழவில்லை. நாற்காலிப் பிரம்பு ஒரு முறைகூடக் கிறீச்சிடவில்லை.

5.25. கழுத்தை வரைய எடுத்தேன். அங்கேதான் எனக்கு முதல் இடறல்.

உயிருள்ள தோலுக்குச் சிவப்பு வேண்டும். காது மடலில், பிடரியில், விரல் நுனியில் கட்டாயம் வேண்டும். நான் வழக்கம்போலச் சிவப்பைச் சேர்த்தேன். பொருந்தவில்லை. குறைத்தேன். அப்போதும் பொருந்தவில்லை. முழுவதும் துடைத்துவிட்டுச் சாம்பல் நிறத்தில் துளிப் பச்சை கலந்து வைத்தேன்.

அச்சு அசலாகப் பொருந்தியது.

ஜன்னல் வெளிச்சம் மங்குகிறது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையைப் பார்த்தேன். மடியில் கிடந்த கையின் நகங்களுக்கும் அதே நிறம்தான் தேவைப்பட்டது.

5.50. கைப்பேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, நாங்க வர ஏழாகும். பல் டாக்டர்கிட்ட ஒரே கூட்டம்."

"நாங்கன்னா?"

"நானும் உங்க பொண்ணும்தான். மூணு மணிக்கே வந்துட்டோம். கீழேருந்து கத்தினேனே, காதுல விழலையா?"

நான் நாற்காலியைப் பார்த்தேன்.

பின்னல். காது. கன்னத்தின் ஓரம்.

"அந்த நீல கவுன்..." என்று இழுத்தேன்.

"என் பையிலதான் இருக்கு. இடுப்பைப் பிடிக்கக் குடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். தையல் கடை பூட்டியிருக்கு. ஏன், இப்ப வேணுமா?"

கைப்பேசியை அணைத்தேன். அணைத்தேனா, தவறவிட்டேனா... தெரியவில்லை.

பிரஷ் கீழே விழுந்தது. டக்.

அவள் திரும்பவில்லை.

ஓர் அடி பின்னால் வைத்தேன். இன்னொன்று. என் முதுகில் கதவு இடித்தது.

அப்போது அவள் பேசினாள்.

ஜன்னலைப் பார்த்தபடியே. ஆனால் அது வளர்ந்த பெண்ணின் குரல் இல்லை. சின்னக் குழந்தையின் குரல்.

"நான் அசையலையே...?"

மணி 5.52.

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. தெருவுக்கு வந்தபோது காலில் செருப்பு இல்லை. எதிர்வீட்டு மதிலில் சாய்ந்து நின்றேன். என் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வெளியே வரவில்லை.

7.10க்கு அவர்கள் வந்தார்கள். மகளைக் கீழேயே நிறுத்திவிட்டு மனைவியோடு மேலே போனேன். நாற்காலி காலி. கவுன் மனைவியின் பையில், தாளில் மடித்துச் சுற்றியபடி இருந்தது. கேன்வாஸில் ஈரம் காயவில்லை.

மனைவி ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தாள். அதற்கு முன்வரை நான் ஏதோ கனவு கண்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இது நம்ம பொண்ணு கழுத்து இல்லங்க," என்றாள்.

மகளிடம் எதையும் சொல்லவில்லை. "வேற மாடல் கிடைச்சாச்சு, நீ தப்பிச்சே," என்று மட்டும் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். அந்த அறையைச் சாத்திவைத்தேன். படத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அழிக்கவும் கை வரவில்லை.

பதினோராம் நாள், தொட்டால் ஒட்டாத அளவுக்கு அது காய்ந்திருந்தது. என்னால் முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம் என்று ஃப்ரேம் கடைக்கு எடுத்துப்போனேன். அனுப்பவேண்டிய படங்களைப் பெட்டியில் கட்டிக் கொடுப்பது அந்தக் கடைக்காரர்தான். ஊரில் உள்ள எல்லா ஓவியர்களையும் அவருக்குத் தெரியும்.

படத்தின் பின்பக்கம் நான் செருகிவைத்திருந்த சிறுமியின் புகைப்படத்தைப் பார்த்ததும் அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இந்தப் பாப்பாவை வரைய நீங்க எதுக்கு சார் எடுத்தீங்க?"

"தெரியுமா?"

"உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வரைஞ்சார். இப்ப அவர் பிரஷ்ஷையே தொடறதில்ல." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பிறந்தநாளுக்காக வரையச் சொன்னாங்க. பாப்பாவுக்கு அன்னிக்குக் காய்ச்சல். இன்னும் ஒரு நாள் வேலைதான் பாக்கி, முடிச்சிடலாம்னு அம்மாதான் கூட்டிட்டு வந்தாங்க. ஜன்னலைப் பார்த்து உட்கார வெச்சாங்க. அசையாம இருந்தா பொம்மை வாங்கித் தரேன்னு சொல்லியிருக்காங்க."

"அப்புறம்?"

"அசையல சார். அம்மா பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தாங்க. என் பொண்ணு எவ்வளவு சமத்துன்னு பெருமையாப் பேசிட்டு இருந்தாங்களாம். 'போதும்மா, எழுந்திரு'ன்னு சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது. போய் முக்கால் மணி நேரம் ஆயிருக்கும்னு டாக்டர் சொன்னாராம்."

நான் படத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. அன்றைக்கு அவளை அசையாமல் இருக்கச் சொன்னேன். எழுந்திருக்கச் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி 4.45. மாடிக்குப் போனேன். கதவைத் திறந்தேன். உள்ளே போகவில்லை. நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"போதும்மா," என்றேன். "எழுந்திரு."

எந்தச் சத்தமும் இல்லை. ஒரு நிமிடம் நின்றேன். பிறகு இறங்கினேன்.

படியில் என் மகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வழிவிட முழங்காலை ஒதுக்கிக்கொண்டாள். நான் அவளைக் கடந்து இறங்கிவிட்டேன். அவள் இன்னும் ஒதுக்கியபடியே இருந்தாள்.

"என்னம்மா? நான்தான் இறங்கிட்டேனே..."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, மேல்படியைப் பார்த்துச் சிரித்தாள்.

"இருங்கப்பா. அந்தப் பாப்பாவும் இறங்கட்டும்."