சுவருக்கு அந்தப் பக்கம் வளைகாப்பு

ஓசூருக்குக் குடிவந்த புதிதில் என்னைக் குழப்பியது இங்கத்திய குளிர் அல்ல, பக்கத்து வீட்டு டி.வி. சாயங்காலம் ஏழு மணிக்கு நான் பார்க்கும் தமிழ் சீரியலில் புருஷன் இன்னும் முகம் கொடுத்தே பேசாத மருமகளுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் கன்னடத்தில் வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது. முகங்கள் வேறு, கதை ஒன்று. அங்கே முதலில் எடுத்து, பிறகு தமிழில் எடுக்கிறார்களாம். தூத்துக்குடியில் இருந்தவரை நாங்கள் பார்ப்பதுதான் அசல் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு எதைப் பார்த்தாலும் அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும். பெரிய பட்ஜெட் படங்களில் கதாநாயகன் கதவைத் திறக்கவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறான். துப்பறியும் வெப் சீரிஸ்களில் போலீஸ்காரர்கள் யாருக்கும் லைட் போடத் தெரியாது. மலையாளப் படங்களில் சமையல் மட்டும் நன்றாக இருக்கிறது. கொரியத் தொடரில் ஒரு கை இன்னொரு கையைத் தொடுவதற்குள் எனக்கு இரண்டு குக்கர் விசில் வந்துவிடும். இதையெல்லாம் கேட்க ஆள் வேண்டுமே. கணவர் பாகலூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். ஷிப்ட் முடிந்து வந்தால் தலை சாய்க்கத்தான் நேரம். எனக்கு வாய்த்த ஆள் என் தங்கை மெர்சி.

கல்யாணத்துக்கு முன்பு ஒரே பாயில் உட்கார்ந்து வில்லியைத் திட்டியவர்கள் நாங்கள். நான் ஓசூர் வந்த பிறகு விளம்பர இடைவேளை எங்களுடையதாயிற்று. சோப்பு விளம்பரம் தொடங்கியதும் போன் அடிக்கும். "பாத்தியாக்கா, மாமியாக்காரி பால்ல என்னத்தையோ கலக்குதா!" என்பாள். விளம்பரம் முடிவதற்குள் அந்த மாமியாரை இருவருமாகத் துவைத்துத் தொங்கப் போட்டுவிடுவோம்.

பிறகு தம்பிக்குக் கல்யாணமாயிற்று. ஜெனிட்டா வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். விளம்பரம் வரும், போன் வராது. நானே கூப்பிட்டால், "மதினிகூடப் பேசிக்கிட்டு இருந்தேங்க்கா, மறந்துட்டேன்" என்பாள். என் இடத்தில், அதே பாயில், ஜெனிட்டா உட்கார்ந்திருந்தாள். பொறாமைதான், வேறு பெயர் வைத்து ஒப்பேற்ற நான் விரும்பவில்லை.

அந்த நாட்களில் டி.வி.யைத்தான் திட்டித் தீர்த்தேன். ஒருநாள் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு மஞ்சுளா, கையில் ஒரு தட்டில் ஒப்பட்டு, அதாவது நம்மூர் போளி. என் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, உங்க அத்தை ஊர்ல இருந்து வந்திருக்காங்களா? தெனமும் சண்டை கேக்குது. அழாதீங்க, இத சாப்பிடுங்க."

என் மாமியார் தூத்துக்குடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார், பாவம். நான் டி.வி.யைக் காட்டினேன். அவள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"இதா? இது எங்களுக்கு எப்பவோ ஆயிடுச்சே. இந்த மாமியார் ஆஸ்பத்திரில படுப்பா. மருமக கையைப் புடிச்சி அழுவா. சாவிக்கொத்தே குடுத்துடுவா."

எனக்கு அப்போதே புத்தி வேறு பக்கம் ஓடியது. மறுநாள் விளம்பரத்தில் மெர்சியைக் கூப்பிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று சொன்னேன். அப்படியே நடந்தது. அதற்கடுத்த வாரமும் நடந்தது. போன் மறுபடி அடிக்கத் தொடங்கிற்று. ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்டது. ஜெனிட்டாவும், "மதினி, அந்தப் பிள்ளை பொழைச்சிருமா?" என்று கெஞ்சினாள். மஞ்சுளா வீட்டுக்குத் தினமும் பாடம் படிக்கிற மாதிரி போய் உட்கார்ந்தேன். அவள் கன்னடத்தில் பாதியும் தமிழில் பாதியும் சொல்லச் சொல்ல, மனதில் குறித்துக்கொண்டு வந்து ஊருக்கு ஒப்பித்தேன். அவள்மேல் அன்பெல்லாம் இல்லை. எனக்கு வேண்டியது கதை.

தமிழில் மாமியார் ஆஸ்பத்திரியில் படுத்த வாரம், "அழுவா, சாவியைக் குடுப்பா, எழுதி வச்சுக்கோ" என்று மெர்சியிடம் அடித்துச் சொன்னேன். அவள் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் எல்லோரிடமும் பரப்பிவிட்டாள். நம் ஆட்கள் கதையை இழுக்க முடிவு செய்திருந்தார்கள் போலிருக்கிறது. மாமியார் கட்டிலிலிருந்து எழுந்தாள், சாவியை இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகினாள், மருமகளை வெளியே தள்ளினாள்.

போன் அடித்தது. "என்னக்கா இப்படி ஆயிட்டு? ஸ்கூல்ல எல்லாரும் என்னையக் கேலி பண்ணப் போறாங்க."

பின்னாலிருந்து ஜெனிட்டாவின் குரல்: "மதினிக்குக் கன்னடம் சரியாப் புரிஞ்சிருக்காது." சிரிப்பு வேறு.

"இனிமே முன்கூட்டியே சொல்லாதக்கா. நாங்களே பாத்துக்கிடுதோம்" என்றாள் மெர்சி.

அந்த 'நாங்களே' மனதில் தைத்துவிட்டது. கோபத்தில் தமிழ் சீரியலை விட்டேன். ஏழு மணிக்கு வீட்டில் சும்மா இருக்கவும் முடியவில்லை. மஞ்சுளா வீட்டுக்கே போனேன், இந்த முறை யாரிடமும் ஒப்பிக்க அல்ல. அவள் ஒன்றும் கேட்காமல் பாயில் நகர்ந்து இடம் கொடுத்தாள். நடுநடுவே நான் அபிப்பிராயம் சொன்னேன். பாதி அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் மறுத்துப் பேசினாள். மெர்சி ஒருநாளும் என்னை மறுத்ததில்லை.

போன வாரம் அங்கே உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. மெர்சி. "அக்கா, மருமக திரும்பி வருவாளா மாட்டாளா? நீ சொல்லலேன்னா பாக்கவே பிடிக்கல. மதினியும் அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா." நான் வாயைத் திறப்பதற்குள் மஞ்சுளா டி.வி.யைக் காட்டி ஏதோ கத்தினாள். "சும்னிரு மஞ்சு" என்று என்னையறியாமல் கன்னடத்தில் அதட்டினேன். அவள் அடங்காமல் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மெர்சி மருமகள் கதையை விட்டுவிட்டாள்.

"யாருக்கா அது?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். மாசக்கணக்கில் நானே வைத்திருந்த குரல் அது. சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன். பட்ட மறுநொடியே ஊருக்கு ஓடிப்போய் அந்தப் பாயில் உட்கார வேண்டும் போலவும் இருந்தது.

"போன்ல யாரு அக்கா?" என்று மஞ்சுளாவும் கேட்டாள். அவளும் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

டி.வி.யில் மாமியார் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அதே நேரம் தூத்துக்குடி டி.வி.யில் அவள் மருமகளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள். போனைக் காதிலிருந்து எடுக்காமல், மஞ்சுளா கொடுத்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல், அந்தக் குளியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.