எங்கள் ஊர் போகாத பக்கம்

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பள்ளி ஆண்டுவிழாவில் எங்கள் ஊரான பாறசாலையின் வரலாற்றைப் பேசினேன். பேச்சு மலையாளத்தில். எழுதித் தந்தவர் அப்பா. ராஜா காலத்துக் கதைகளில் தொடங்கி, மாநிலம் பிரிந்து எங்கள் ஊர் எல்லையான கதை வரைக்கும் அதில் இருந்தது. கடைசி வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'ஊர் கேரளத்தோடு நின்றபோது மக்கள் எல்லாரும் மகிழ்ந்தார்கள்.' அந்த இடத்தில் கையை உயர்த்த வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

உயர்த்தினேன். கைதட்டினார்கள். பெரியப்பா மட்டும் எழுந்து வெளியே போனார். அடுத்த வீட்டில் இருப்பவர். அப்பாவின் அண்ணன் என்றாலும் அப்பாவுக்கு அப்பா போல வயது. என் பேச்சைக் கேட்பதற்கென்றே இஸ்திரி போட்ட வேட்டியில் வந்திருந்தார்.

மேடையிலிருந்து இறங்கி ஓடினேன். பள்ளி வாசலில் நின்றிருந்தார்.

"பேசினதில தெற்று, தப்பு உண்டா பெரியப்பா?"

"நல்லாத்தான் பேசின மக்கா. எல்லாரும் மகிழ்ந்தாங்கன்னு சொன்னல்லா, அதில நான் இல்ல. அவ்வளவுதான்."

பின்னாலேயே வந்த அப்பா, "அண்ணா, அது பிள்ளைக்கு எழுதினதாக்கும்" என்றார்.

"எழுதினவனுக்கு அன்னைக்கு நடக்கத் தெரியாது. நான்தான் இடுப்பில வச்சிருந்தேன்."

அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா சொன்னாள். இந்த ஊரும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று பெரியப்பா கொடி பிடித்துப் போனாராம். போலீஸ் அடித்த அடியில் வெகுநாள் எழுந்திருக்கவில்லையாம். எனக்கு ஒரே குழப்பம். தமிழ்நாடு அப்படியொன்றும் தூரமில்லை. பெரியப்பா காலைதோறும் பஸ் ஏறி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற களியக்காவிளைக்குப் போய் மீன் வாங்கி வருகிறார். அங்கே போவதற்கு எதற்கு அடிவாங்க வேண்டும்?

பிறகு அதே பேச்சை நான் ஒரு போட்டியில் பேசப் போகுமுன் அப்பா அந்த வரியில் 'எல்லாரும்' என்பதை அடித்துவிட்டுப் 'பலரும்' என்று எழுதினார்.

ஆண்டுவிழாவுக்கு மறுநாள் பெரியப்பா மீன்பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கேட்டே விட்டேன்.

"பெரியப்பா, அங்கயே ஒரு வீடு வாங்கிப் போயிருக்கலாம்லா?"

சிரித்தார். "நான் போகணும்னு யாரு சொன்னா? நம்ம ஊரு போகணும்னாக்கும் மக்கா கேட்டது."

சொல்லிவிட்டு, பையை மோந்து பின்னால் வந்த பூனையை விரட்டியபடி வீட்டுக்குள் போய்விட்டார். நான் ரோட்டிலேயே நின்றேன். ஊர் எப்படிப் போகும், போனால் நாங்கள் எங்கே இருப்போம் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.